'யுவர் கால் இஸ் இம்பார்ட்டென்ட் டு அஸ்!' - கோவில்பட்டியில இருந்து ஃபாரின் போனவங்களைக் கடுப்பேத்தும் கஸ்டமர் கேர்... சமாளிப்பது எப்படி?

கோவில்பட்டியில உங்க தெரு முக்குல இருக்கிற பலசரக்குக் கடையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. உள்ளே நுழையும்போதே, "என்ன தம்பி, அப்பா ஊர்ல இல்லையா?"ன்னு கேட்பார் அண்ணாச்சி. நேத்து வாங்கின உளுந்துல கல்லு கிடந்துச்சுன்னு சொன்னா, பில்லு கேட்காம மாத்திக் கொடுப்பார். காசு குறைஞ்சா நோட்டுல எழுதிக்குவார். கிளம்பும்போது தங்கச்சிக்குன்னு ரெண்டு கடலைமிட்டாய் கொசுறா வரும்.

இப்போ சீனை மாத்துவோம். ஷார்ஜாவுல ஆறு பேர் தங்கியிருக்கிற ரூம். டியூட்டி முடிஞ்சு வந்து, ராத்திரி பத்து மணிக்கு இன்டர்நெட் பிளானை கேன்சல் பண்ண போன் போடுறீங்க. அரபிக்கு 1, இங்கிலீஷுக்கு 2. அப்புறம் மியூசிக். 'யுவர் கால் இஸ் இம்பார்ட்டென்ட் டு அஸ்'னு இருபது நிமிஷம் ஒரு குரல் தாலாட்டுது. கடைசியா ஒருத்தர் லைன்ல வந்து, "லாஸ்ட் நேம் ப்ளீஸ்?" என்கிறார். நீங்க உங்க பேரைச் சொல்றீங்க. "சாரி சார், நாட் மேட்சிங்." கட்!

ஏன் மேட்ச் ஆகலை? அவர் கேட்டது உங்க அப்பா பேரை. அது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

தீப்பெட்டி ஆபீஸும் மில்லும் மானாவாரிக் காடுமா இருக்கிற நம்ம கரிசல் பக்கத்துல, ஊருக்கு நாலு பேராவது வெளிநாட்டுல இருப்பாங்க. கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம்னு எந்த ஊர்க்காரரா இருந்தாலும், லீவுக்கு வர்றப்போ வேலை கஷ்டத்தைவிட அதிகமா புலம்புறது இந்த மாதிரி விஷயங்களைத்தான். பேங்க், சிம் கார்டு, வாடகை, ரீஃபண்டு... எங்கே போனாலும் யாரும் மூஞ்சி கொடுத்துப் பேச மாட்டேங்கிறாங்கன்னு.

வெறும் கடுப்போட முடிஞ்சுட்டா பரவாயில்லை. ஒரு சின்ன பில் தகராறு, உங்க கிரெடிட் ரெக்கார்டுல கறையா ஒட்டலாம். ஏர்போர்ட்ல பயணத்தடையா வந்து நிக்கலாம். கோபத்துல போட்ட ஒரு வீடியோ போலீஸ் கேஸாகலாம். அதனால, அங்கே சர்வீஸ் ஏன் அப்படி இருக்கு, நம்ம உரிமை என்ன, எங்கே வாயை மூடணும், எங்கே எழுதிக் கொடுக்கணும்னு பார்த்துடுவோம்.

அண்ணாச்சிக்கு உங்களைத் தெரியும்... கம்பெனிக்கு உங்க நம்பரைத்தான் தெரியும்!

நம்ம ஊர்ல சர்வீஸ்ங்கிறது உறவு. உங்க தாத்தா காலத்துல இருந்து அந்தக் கடையில பற்று வரவு இருக்கும். உங்களைப் பகைச்சுக்கிட்டா உங்க தெருவே போயிடும்னு அண்ணாச்சிக்குத் தெரியும். அதனால விதியை வளைச்சுக் கொடுக்கிற அதிகாரமும் ஆசையும் அவருக்கு இருக்கு.

வெளிநாட்டுல பெரும்பாலும் சர்வீஸ்ங்கிறது ஒப்பந்தம். நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல என்ன இருக்கோ அதுதான். லைன்ல பேசுற நபருக்கு அதை வளைக்கிற அதிகாரம் கிடையாது. அவர் முன்னாடி ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும். ஒரு காலை எத்தனை நிமிஷத்துல முடிச்சார்னு கணக்கு எடுப்பாங்க. நீங்க அழுதாலும் கத்தினாலும் அவர் ஸ்க்ரீன்ல அந்த பட்டன் இல்லைன்னா இல்லைதான். இன்னொண்ணு, வளைகுடா நாடுகள்ல கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரும் பெரும்பாலும் உங்களை மாதிரி பிழைக்க வந்தவர்தான். கேரளாவோ, மணிலாவோ, கெய்ரோவோ... அவருக்கும் ஊர்ல ஒரு வீட்டுக்கடன் ஓடிக்கிட்டு இருக்கும்.

ஐரோப்பாவுல வேற ஒரு காரணமும் சேர்ந்துக்கும். அங்கே மனுஷ உழைப்புக்கு விலை அதிகம். ஜெர்மனியில 2025-ல் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 12.82 யூரோ. அதனாலதான் கடையில பை போட்டுக் கொடுக்க ஆள் இருக்காது. குழாய் ரிப்பேருக்கு வர்றவர் வேலைக்கு ஒரு கூலி, வந்து போனதுக்கு ஒரு கூலின்னு தனித்தனியா பில் போடுவார். கட்டிலை நீங்கதான் திருகு திருகித் திருகி மாட்டணும். இதுல அலட்சியமோ அவமரியாதையோ கிடையாது. அந்த ஊர்ல அதுதான் கணக்கு.

இது புரிஞ்சுட்டாலே பாதிக் கடுப்பு குறையும். ஏன்னா, அங்கே கெஞ்சுறதும் வேலைக்கு ஆகாது, கத்துறதும் வேலைக்கு ஆகாது. 'ஒப்பந்தத்துல இந்த இடத்துல இப்படி இருக்கு'ன்னு காட்டுறதுதான் வேலைக்கு ஆகும்.

இனிஷியல் படுத்தும் பாடு

தமிழர்களுக்குன்னே ஸ்பெஷலா ஒரு பிரச்னை இருக்கு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. உங்க பேர் முத்துக்குமார், அப்பா பேர் சுப்பையான்னு வைச்சுக்குவோம். ஊர்ல நீங்க சு.முத்துக்குமார். பாஸ்போர்ட் ஃபாரத்துல 'சர்நேம்'னு ஒரு கட்டம் இருந்ததால அப்பா பேரை அங்கே போட்டிருப்பீங்க. துபாய் போனதும் எல்லாரும் உங்களை 'மிஸ்டர் சுப்பையா'ன்னு கூப்பிடுவாங்க. நீங்க அப்பாதான் வந்துட்டாரோன்னு திரும்பிப் பார்ப்பீங்க!

சிலர் சர்நேம் கட்டத்தை காலியா விட்டிருப்பாங்க. அங்கேதான் சிக்கல் பெருசாகுது. பாஸ்போர்ட்ல ஒரே ஒரு பேர் மட்டும் இருக்கிறவங்களை விசிட் விசாவுல அனுமதிக்கிறதுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர்ல கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு. அப்புறம், பாஸ்போர்ட்டோட இன்னொரு பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா ஏத்துக்கலாம்னு விளக்கம் வந்துச்சு. அமெரிக்க விசாவுல ஒற்றைப் பேர்க்காரங்களுக்கு முதல் பேர் இடத்துல 'எஃப்.என்.யூ'ன்னு அடிச்சுக் கொடுப்பாங்க. 'முதல் பெயர் தெரியவில்லை'ங்கிறதோட சுருக்கம் அது. அதையே சில ஆபீஸ்கள்ல உங்க நிஜப் பேர்னு நினைச்சு பதிஞ்சுடுவாங்க.

பேங்க்ல ஒரு மாதிரி, சிம் கார்டுல ஒரு மாதிரி, வாடகை ஒப்பந்தத்துல ஒரு மாதிரி உங்க பேர் பதிவானா, ஒவ்வொரு கஸ்டமர் கேர் காலும் முதல் கேள்வியிலேயே ஃபெயில் ஆகும். தீர்வு சிம்பிள். பாஸ்போர்ட்ல எந்தப் பேர் எந்தக் கட்டத்துல, எந்த ஸ்பெல்லிங்ல இருக்கோ, எல்லா இடத்துலயும் அச்சு அசலா அதையே கொடுங்க. போன்ல ஸ்பெல்லிங் சொல்லும்போது 'பி ஃபார் பாம்பே' எல்லாம் வேண்டாம். ஆல்ஃபா, பிராவோ, சார்லின்னு போற சர்வதேச எழுத்து முறையை போன்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட்டா வைச்சுக்கோங்க. உங்க உச்சரிப்பு எப்படி இருந்தாலும் அது எல்லாருக்கும் புரியும்.

நாட்டுக்கு நாடு என்ன மாறுது?

அமீரகம்: முதல் நாளே வர்ற கடுப்பு, 'வாட்ஸ்அப்ல வீட்டுக்குப் பேச முடியலை'ங்கிறதுதான். மெசேஜ் போகும், கால் போகாது. இது உங்க நெட்வொர்க் கம்பெனியோட கோளாறு இல்லை. இணையம் வழிக் குரல் அழைப்புக்கு அங்கே உரிமம் வேணும். அனுமதி வாங்கின ஆப்கள்லதான் பேச முடியும். கஸ்டமர் கேர்ல கத்தி பிரயோஜனமே இல்லாத பிரச்னைக்கு இது நல்ல உதாரணம். வார விடுமுறையையும் தெரிஞ்சுக்கோங்க. அமீரகம் 2022 ஜனவரியில இருந்து சனி, ஞாயிறுக்கு மாறிடுச்சு. சவுதி, கத்தார், குவைத்ல வெள்ளி, சனி. ரமலான் மாசத்துல வேலை நேரமே குறையும். வியாழக்கிழமை சாயங்காலம் கொடுத்த புகாருக்கு மறுநாள் பதில் வரலையேன்னு பதற வேண்டாம்.

மால்ல நிக்கவைச்சு 'ஃப்ரீ கிரெடிட் கார்டு' கொடுப்பாங்க. வாங்கிட்டு மறந்துட்டா, ஆண்டுக் கட்டணம், அதுக்கு அபராதம், அதுக்கு வட்டின்னு குட்டி போடும். அங்கே கடன் பாக்கியை சாதாரணமா எடுத்துக்க முடியாது. கடன் கொடுத்தவர் கோர்ட்டை அணுகி உங்க மேல பயணத்தடை கேட்க சட்டத்துல வழி இருக்கு. 10,000 திர்ஹாம்ங்கிறது அதுக்கான அளவுகோல். அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு அவசரமா கிளம்புற அன்னிக்கு ஏர்போர்ட்ல இது தெரியவந்தா எப்படி இருக்கும்? அதனால கார்டை மூடினா, 'பாக்கி எதுவும் இல்லை'ங்கிற கடிதத்தை பேங்க்ல எழுதி வாங்காம விடாதீங்க. சிம், இன்டர்நெட் கனெக்‌ஷனுக்கும் அதே மாதிரிதான். பேங்க், இன்ஷூரன்ஸ் புகார்களுக்கு 'சனதக்'னு தனி குறைதீர் அமைப்பு இருக்கு. முதல்ல பேங்க்ல புகார் கொடுத்துட்டுத்தான் அங்கே போகணும்.

ஜெர்மனி: இங்கே எல்லாமே தபால். போய்ச் சேர்ந்து முகவரியைப் பதிவு பண்ணின சில வாரத்துல, டி.வி., ரேடியோ கட்டணம் கட்டச் சொல்லி ஒரு கடிதம் வரும். 'எங்கிட்ட டி.வி-யே இல்லையே, ஏதோ மோசடி'ன்னு கிழிச்சுப் போட்டவங்க உண்டு. ஆனா, டி.வி. இருக்கோ இல்லையோ, வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ கட்டியாகணும். கட்டலைன்னா நினைவூட்டல், அப்புறம் அபராதம்னு போகும். தனியார் பில்களை இப்படி விட்டா வசூல் ஏஜென்சி, அதுக்கப்புறம் 'ஷூஃபா'ங்கிற கிரெடிட் ரெக்கார்டுல கறை. ஷூஃபாவுல கறை இருந்தா வாடகைக்கு வீடு கிடைக்கிறதே கஷ்டம்.

அதே ஜெர்மனியில சட்டம் உங்க பக்கமும் பலமா நிக்குது. ஆன்லைன்ல வாங்கின பெரும்பாலான பொருளை 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம திருப்பலாம். இது ஐரோப்பிய யூனியன் முழுக்க உள்ள உரிமை. ஆனா, கடையில நேர்ல வாங்கின பொருள் நல்லா இருக்கும்போது 'பிடிக்கலை'ன்னு திருப்ப சட்ட உரிமை கிடையாது, கடைக்காரர் மனசு வைச்சாத்தான். பொருள்ல குறை இருந்தா ரெண்டு வருஷம் வரைக்கும் விற்றவர்தான் பொறுப்பு. ஜிம், போன் பிளான் மாதிரி சந்தாவை இணையதளத்துல எடுக்க முடிஞ்சா, அதே தளத்துல ரத்து பண்ற பட்டனும் இருக்கணும்னு 2022 ஜூலை 1 முதல் சட்டம். ஆக, போன்ல கெஞ்ச வேண்டாம், பட்டனைத் தேடுங்க. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காதுங்கிறதையும் சேர்த்து ஞாபகம் வைச்சுக்கோங்க. சனிக்கிழமையே பால் வாங்கிடணும்.

சிங்கப்பூர்: 2012 செப்டம்பர்ல இருந்து 'லெமன் லா' இருக்கு. பொருள் கைக்கு வந்த ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா, அது வாங்கும்போதே இருந்ததாத்தான் எடுத்துக்குவாங்க. இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். பேசித் தீரலைன்னா சிறு கோரிக்கை தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 20,000 சிங்கப்பூர் டாலர் வரைக்கும் அங்கே கேட்கலாம், வக்கீல் கிடையாது, நீங்களே பேசணும். ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும்.

மலேசியா: நுகர்வோர் தீர்ப்பாயத்துல 50,000 ரிங்கிட் வரைக்கும் கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். நம்ம ஆளுங்க பலருக்கு இப்படி ஒரு இடம் இருக்கிறதே தெரியாம, போனது போகட்டும்னு விட்டுட்டு வர்றாங்க.

போனை எடுத்து வீடியோ போடுறதுக்கு முன்னாடி... ஒரு நிமிஷம்!

இந்தக் கட்டுரையில ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வைச்சுக்கணும்னா, இதை வைச்சுக்கோங்க.

நம்ம ஊர்ல ஒரு கடையில பிரச்னைன்னா டக்குனு போனை எடுத்து வீடியோ பிடிச்சு, 'மக்களே, இவங்க பண்றதைப் பாருங்க'ன்னு ஸ்டோரி போட்டுடுறோம். அந்தப் பழக்கத்தோட விமானம் ஏறாதீங்க. அமீரகத்துல 2021-ம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டப்படி, ஆன்லைன்ல ஒருத்தரைத் திட்டுறதும் அவதூறு பண்றதும் கிரிமினல் குற்றம். பொது இடத்துல போட்டாத்தான்னு இல்லை, வாட்ஸ்அப்ல தனியா அனுப்பின கெட்ட வார்த்தைக்கும் கேஸ் வரலாம். அனுமதி இல்லாம அடுத்தவர் பேச்சைப் பதிவு பண்றதும், அவங்களைப் போட்டோ எடுத்துப் போடுறதும் அந்தரங்கத்தை மீறிய குற்றம்.

'அது வளைகுடா, அப்படித்தான் இருக்கும்'னு நினைக்காதீங்க. ஜெர்மனியிலயும் எதிராளிக்குத் தெரியாம போன் பேச்சை ரெக்கார்டு பண்றது தண்டனைச் சட்டத்துல வர்ற குற்றம்தான். 'ஆதாரத்துக்காகத்தானே பண்ணினேன்'ங்கிறது உங்களைக் காப்பாத்தும்னு நம்ப முடியாது.

அப்போ ஆதாரத்துக்கு என்ன வழி? எழுத்து. போன்ல பேசி முடிச்ச கையோட, 'இன்னிக்கு இத்தனை மணிக்குப் பேசினோம், இன்ன ரெஃபரன்ஸ் நம்பர், நீங்க சொன்னது இது, தப்பா இருந்தா திருத்துங்க'ன்னு அவங்க அதிகாரபூர்வ ஈமெயிலுக்கு நாலு வரி அனுப்புங்க. ரெக்கார்டிங்கைவிட இது பலமான ஆதாரம். சட்டச் சிக்கலும் இல்லை.

இன்னொரு பக்கம், நம்ம ஊர் பேங்க்!

வெளிநாட்டு கஸ்டமர் கேரைத் திட்டிக்கிட்டு இருக்கும்போதே, முதுகுக்குப் பின்னாடி இன்னொரு பூதம் வளரும். அது நம்ம ஊர் ஓடிபி.

வெளிநாட்டு சிம் வந்ததும் இந்திய சிம்மைக் கழட்டி டப்பாவுல போட்டுடுவீங்க. ஆறு மாசம் கழிச்சு, தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கு அவசரமா பணம் போடணும். நெட் பேங்கிங் திறந்தா ஓடிபி கேட்கும். அது போக வேண்டிய நம்பர் செத்துப்போயிருக்கும். பிராஞ்சுக்கு போன் போட்டா ஒரே பதில்தான், "நேர்ல வாங்க சார்." எங்கிருந்து? தம்மாம்ல இருந்தா?

டிராய் விதிப்படி, 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு சிம்மைத் துண்டிக்கலாம். 20 ரூபாய் பேலன்ஸ் இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டு 30 நாள் நீட்டிக்கிற ஏற்பாடு இருக்கு. ஆனா, அதை நம்பி உட்கார்ந்திருக்காதீங்க. ஓடிபி ஒழுங்கா வரணும்னா வேலிடிட்டி உள்ள ரீசார்ஜும், கிளம்பும் முன்னாடி ஆன் பண்ணின இன்டர்நேஷனல் ரோமிங்கும் வேணும். துண்டிச்ச நம்பரை சில மாசம் கழிச்சு வேறொருத்தருக்குக் கொடுத்துடுவாங்க. அப்புறம் உங்க பேங்க் மெசேஜ் யாரோ ஒருத்தர் போனுக்குப் போகும். இது கடுப்பு மட்டுமில்லை, ஆபத்தும்கூட.

அடுத்தது அக்கவுன்ட். வேலைக்காக வெளிநாடு போய் என்.ஆர்.ஐ. ஆனதும், இங்கே இருக்கிற சாதாரண சேவிங்ஸ் அக்கவுன்ட்டை அப்படியே வைச்சிருக்கக்கூடாது. அதை என்.ஆர்.ஓ. கணக்கா மாத்தணும்ங்கிறது அந்நியச் செலாவணி விதி. அங்கே சம்பாதிக்கிறதை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு. இதுல ஒரு வசதியும் இருக்கு. அமீரகம், சவுதி, ஓமன், கத்தார், சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன் உட்பட 10 நாடுகளோட மொபைல் நம்பரை வைச்சே என்.ஆர்.ஐ. கணக்குல யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில அனுமதி கொடுத்தாங்க. உங்க பேங்க் அதுல இருக்கான்னு கேளுங்க. இருந்தா, ஓடிபி தலைவலி பாதி தீர்ந்துடும்.

இந்திய பேங்க் உங்க புகாரைக் கண்டுக்கலையா? புகாரை எழுத்துல கொடுத்து நம்பர் வாங்கிக்கோங்க. 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் சரியில்லைன்னாலோ ரிசர்வ் வங்கியோட ஒம்புட்ஸ்மேன்கிட்ட ஆன்லைன்லயே போகலாம். 2021 நவம்பர் 12 முதல் இது நாடு முழுக்க ஒரே திட்டம். கோவில்பட்டி பிராஞ்சா இருந்தாலும், நீங்க குவைத்ல இருந்தாலும் அதே ஒரே தளம், கட்டணம் கிடையாது.

சண்டையை இப்படிப் போடுங்க!

எந்த நாடா இருந்தாலும் இந்த வரிசை வேலை செய்யும்.

1. பேசுறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல மூணு வரி எழுதிக்கோங்க. என்ன நடந்துச்சு, என்னிக்கு நடந்துச்சு, உங்களுக்கு என்ன வேணும். 'எனக்கு நியாயம் வேணும்'னு சொன்னா யாருக்கும் புரியாது. '150 திர்ஹாம் ரீஃபண்டு வேணும்'னு சொன்னா புரியும்.

2. பேசுறவர் பேர், தேதி, நேரம், புகார் எண். இந்த நாலும் இல்லாம போனை வைக்காதீங்க.

3. அவருக்கு அதிகாரம் இல்லைன்னு தெரிஞ்சுட்டா அவர்கிட்டயே மல்லுக்கட்ட வேண்டாம். 'இதை முடிவு பண்ற அதிகாரம் யாருக்கு இருக்கோ அவங்களுக்கு மாத்துங்க'ன்னு பணிவா, ஆனா அழுத்தமா கேளுங்க.

4. பதிலுக்குக் கெடு கேளுங்க. 'எப்போ சொல்வீங்க?'ன்னு கேட்டு, அவங்க சொன்ன தேதியை ஈமெயில்ல போட்டு வைங்க.

5. கெடு தாண்டினா அடுத்த படி. ஒவ்வொரு நாட்டுலயும் டெலிகாமுக்கு ஒரு ஒழுங்குமுறை ஆணையம், பேங்குக்கு ஒரு குறைதீர் அமைப்பு, கடைக்கு ஒரு நுகர்வோர் அமைப்பு இருக்கும். கம்பெனியில கொடுத்த புகார் எண்ணைத்தான் அவங்க முதல்ல கேட்பாங்க. அதனாலதான் ரெண்டாவது படி முக்கியம்.

6. தகராறு நடக்குதேன்னு பில் கட்டுறதை நிறுத்திடாதீங்க. 'ஆட்சேபத்தோட கட்டுறேன்'னு எழுதிட்டுக் கட்டுங்க. கட்டாம விட்டா, நியாயம் உங்க பக்கம் இருந்தும் ரெக்கார்டுல நீங்கதான் கடன்காரர்.

கூகுள்ல தேடின நம்பருக்கு போன் போடாதீங்க

கடுப்புல இருக்கிற கஸ்டமரைத்தான் மோசடிக்காரன் தேடிக்கிட்டு இருக்கான். கூகுள்ல 'கஸ்டமர் கேர் நம்பர்'னு தேடினா வர்ற எல்லா நம்பரும் அசல் இல்லை. கார்டோட பின்பக்கம், அதிகாரபூர்வ ஆப், பில். இந்த மூணுல இருக்கிற நம்பருக்கு மட்டும் பேசுங்க. சமூக வலைதளத்துல கம்பெனியை டேக் பண்ணி உங்க போன் நம்பரோட புகார் போட்டா, அஞ்சு நிமிஷத்துல 'நாங்க உதவுறோம் சார்'னு போலி அக்கவுன்ட்ல இருந்து ஆள் வரும். ஸ்க்ரீன் ஷேர் பண்ணச் சொன்னாலோ, ஓடிபி கேட்டாலோ, அமீரகத்துல போலீஸ்னு சொல்லி எமிரேட்ஸ் ஐ.டி. நம்பர் கேட்டாலோ கட் பண்ணிடுங்க. இந்திய அக்கவுன்ட்ல பணம் போயிடுச்சுன்னா வீட்டுல இருக்கிறவங்களை விட்டு உடனே 1930-க்குக் கூப்பிடச் சொல்லுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ, பணத்தை முடக்கிவைக்கிற வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

விதைக்கிறதுக்கு முன்னாடி உழுது வைங்க

நம்ம மானாவாரி விவசாயி புரட்டாசி விதைப்புக்கு சித்திரையிலயே கோடை உழவு போட்டுவைப்பார். மழை வந்தப்புறம் கரிசல்ல கால் வைக்க முடியாது, ஒட்டிக்கும்னு அவருக்குத் தெரியும். ஃபாரின் போறதும் அப்படித்தான். போய் மாட்டினப்புறம் சரி பண்றதைவிட ஊர்ல இருக்கும்போதே முடிக்கிறது சுலபம்.

* உங்களோட முதல் கஸ்டமர் சர்வீஸ், உங்களை அனுப்புற ஏஜென்ட்தான். 'இ-மைக்ரேட்' தளத்துல அவர் பதிவு பண்ணின ஏஜென்ட்டான்னு பாருங்க. சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும்தான் உச்சவரம்பு. ரசீது கேளுங்க. ரசீது தராதவர் நாளைக்கு போனையும் எடுக்க மாட்டார்.

* பத்தாவது முடிக்காதவங்க வளைகுடா, மலேசியா மாதிரி நாடுகளுக்கு வேலைக்குப் போனா குடிபெயர்வு அனுமதி வேணும். அதோட 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' இன்ஷூரன்ஸும் கட்டாயம். ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், விபத்துக் காப்பீடு 10 லட்சம். பாலிசி காப்பி வீட்டுல ஒண்ணு இருக்கட்டும்.

* பாஸ்போர்ட், ஆதார், பான், பேங்க் நாலுலயும் பேர் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. திருத்தம் பண்ண திருநெல்வேலிக்கு ஒருநாள் அலைஞ்சாலும் பரவாயில்லை. அங்கே போய் அலையுறதுக்கு இது மேல்.

* பேங்க்ல ஈமெயில், நாமினி ரெண்டையும் பதிஞ்சுடுங்க. வீட்டுல பணத்தைப் பார்த்துக்கிறவர் யாருன்னு முடிவு பண்ணி, அதுக்கான அதிகாரத்தை முறைப்படி எழுதிக் கொடுங்க. பாஸ்வேர்டைச் சொல்லிட்டுப் போறது அதிகாரம் கொடுக்கிறதில்லை.

* இந்த நம்பர்களை சேவ் பண்ணிக்கோங்க. தமிழ்நாடு அரசோட அயலகத் தமிழர் உதவி மையம்: இந்தியாவுக்குள்ள இருந்து 1800 309 3793, வெளிநாட்டுல இருந்து +91 80 6900 9900, +91 80 6900 9901. அமீரகத்துல இந்தியத் தூதரக உதவி மையம்: 800 46342. தூதரகம் சம்பந்தப்பட்ட புகார்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தோட 'மதத்' தளம் 2015-ல் இருந்து இயங்குது. சம்பளம் வரலை, பாஸ்போர்ட்டை முதலாளி பிடிச்சு வைச்சிருக்கார் மாதிரி விஷயங்களுக்கு கம்பெனி கஸ்டமர் கேரைவிட இதுதான் சரியான கதவு.

கடைசியா ஒண்ணு. அடுத்த தடவை லைன்ல வர்றவர்கிட்ட, பிரச்னையைச் சொல்றதுக்கு முன்னாடி அவர் பேரைக் கேட்டு, பேரைச் சொல்லிப் பேசிப் பாருங்க. காலையில இருந்து அம்பது பேர்கிட்ட திட்டு வாங்கினவர், பேரைச் சொல்லிப் பேசுற ஒருத்தருக்காக ஒரு பட்டனைக் கூடுதலா தேடிப் பார்ப்பார். அண்ணாச்சி கடையில நாம கத்துக்கிட்ட வித்தை அதுதானே! கொசுறுக் கடலைமிட்டாய்தான் கிடைக்காது... அதை லீவு முடிஞ்சு போகும்போது பெட்டியில கட்டிக்கொண்டு போயிடுங்க. ரூம்ல இருக்கிற மத்த அஞ்சு பேருக்கும் சேர்த்து!